ஒரு சேவை மாறினால் எல்லாமே விழ வேண்டுமா? வாசகர் கேள்வி – பதில்

வெளியார் நடத்தும் பல இணையச் சேவைகளைக் கோர்த்து ஒரு செயலியை ஓட்டுகிறோம். அவற்றில் ஒன்று மாறினாலோ படுத்துவிட்டாலோ என்ன செய்வது? பெங்களூரு வாசகர்கள் இதையே பல விதமாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். எது மாறும் என்பதை முன்பே கண்டறிந்து அதை ஒரு மூலையில் ஒதுக்கிவிட வேண்டும், மற்றதெல்லாம் அசையாமல் இருக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த ஓர் எண்ணத்திலிருந்து வருபவை.

கேள்வி: நாங்கள் மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செயலி நடத்துகிறோம். ஒரு ஆர்டருக்கு ஐந்து வெளிச் சேவைகளை அழைக்கிறோம்: கடை இருப்பு, தூரக் கணக்கு, பணம், டெலிவரி ஆள், எஸ்எம்எஸ். ஐந்து பேரும் 99.9 சதவீத நேரம் சேவை ஓடும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியும் மாலையானால் புகார் வந்துகொண்டே இருக்கிறது. ஏன்?
– ஒரு வாசகர், வைட்ஃபீல்டு

பதில்: அந்த 99.9 ஐந்து முறை பெருக்கப்படுகிறது, அதனால்தான். 30 நாளில் 43,200 நிமிடம். ஒரு சேவை 99.9 என்றால் மாதத்தில் 43 நிமிடம் படுத்துக்கிடக்க அதற்கு உரிமை உண்டு. ஐந்தும் வெவ்வேறு நேரத்தில் படுத்தால் உங்கள் ஆர்டர் பாதை 99.5 சதவீதத்துக்கு இறங்கும். அதாவது மாதத்தில் ஏறக்குறைய 3 மணி 35 நிமிடம். ஒப்பந்தத்தை யாரும் மீறவில்லை. கோர்த்த விதத்திலேயே இந்த நேரம் போய்விட்டது.

முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ‘ஆர்டர் ஏற்கப்பட்டது’ என்று வாடிக்கையாளரிடம் சொல்ல ஐந்தில் எது எது அந்த நொடியிலேயே வேண்டும்? இருப்பும் பணமும் வேண்டும். டெலிவரி ஆளை ஒதுக்குவது இரண்டு நிமிடம் கழித்து நடக்கலாம். எஸ்எம்எஸ் வரிசையில் காத்திருக்கலாம். தூரக் கணக்கு வராவிட்டால், அஞ்சல் குறியீட்டு வாரியாக முன்பே போட்டு வைத்த கட்டண அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இருப்பு, பணம் இரண்டை மட்டும் நேர் பாதையில் வைத்தால் அந்த 3 மணி 35 நிமிடம் 86 நிமிடமாகக் குறைகிறது. புதிதாக ஒரு மென்பொருளும் வாங்கத் தேவையில்லை.

அடுத்தது டைம்அவுட், அதாவது பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பு. ஐந்து சேவைக்கும் தலா 5 நொடி வைத்து ஒன்றன்பின் ஒன்றாக அழைத்தால் மோசமான நேரத்தில் 25 நொடி ஆகும். உங்கள் கேட்வே (வெளியிலிருந்து வரும் அழைப்புகளின் நுழைவாயில்) 10 நொடியில் இணைப்பை வெட்டிவிட்டால் வாடிக்கையாளர் பிழைச் செய்தியைப் பார்த்துவிட்டு மறுபடி பொத்தானை அழுத்துவார். உள்ளே முதல் ஆர்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். இதைத் தவிர்க்க மொத்த நேரத்தை மேலிருந்து தீர்மானியுங்கள். உதாரணமாக 8 நொடி என்று வைத்து, ஒவ்வொரு அழைப்பிலும் மீதி எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். சேவைகள் ஒன்றையொன்று அழைக்க உதவும் ஜிஆர்பிசியில் இதற்கு டெட்லைன் வசதி உண்டு. சாதாரண எச்டிடிபியில் உள்சேவைகளுக்கு இடையே நீங்களே ஒரு ஹெட்டர் (அழைப்போடு சேர்ந்து போகும் குறிப்பு) வைத்துக்கொள்ளலாம். ஒரு சேவையின் 100 அழைப்பில் 99 அழைப்பு 800 மில்லிநொடிக்குள் முடிகிறது என்று அளந்திருந்தால், டைம்அவுட் 1.2 முதல் 1.5 நொடி போதும். ‘பாதுகாப்புக்கு இருக்கட்டும்’ என்று 30 நொடி வைப்பதுதான் ஆபத்து. காத்திருக்கும் ஒவ்வொரு அழைப்பும் ஒரு த்ரெட்டையோ இணைப்பையோ பிடித்து வைத்துக்கொள்கிறது. மெதுவான எஸ்எம்எஸ் சேவை ஒன்று, நலமாக ஓடும் பணச் சேவைக்கும் இடமில்லாமல் செய்துவிடும். சேவைக்கொரு தனி இணைப்புத் தொகுப்பு வைப்பது இதற்காகத்தான்.

மாலைப் புகாருக்குப் பெரும்பாலும் காரணம் ரீட்ரைதான், அதாவது தோற்ற அழைப்பை மறுபடி முயல்வது. கேட்வே 3 முறை, ஆர்டர் சர்வீஸ் 3 முறை, அதற்குள் இருக்கும் லைப்ரரி 3 முறை என்று முயன்றால், ஒரே சொடுக்குக்குக் கடைசிச் சேவைக்கு 27 அழைப்பு போகும். மழை பிடித்த மாலையில் ஆர்டர் கூடுகிறது, வண்டி ஓட்ட ஆள் குறைகிறது, டெலிவரி சேவை மந்தமாகிறது. சரியாக அந்த நேரத்தில் இந்த 27 மடங்கும் அதன்மேல் போய் இறங்கும். ரீட்ரையை ஒரே அடுக்கில் வையுங்கள். இடைவெளி 200, 400, 800 மில்லிநொடி என்று இரட்டிக்கட்டும். அதோடு ஒரு தற்செயல் எண்ணையும் கலக்கட்டும், இல்லாவிட்டால் எல்லாரும் ஒரே நொடியில் திரும்பி வருவார்கள். கோரிக்கையிலேயே தவறு என்று சொல்லும் 400 வகைப் பிழைக்கு மறுமுயற்சி வீண், விதிவிலக்கு 429 (அளவுக்கு மீறி அழைக்கிறீர்கள்). அதிலும் 503-இலும் (சேவை இப்போது இல்லை) ‘ரீட்ரை ஆஃப்டர்’ ஹெட்டர் வந்தால் அதில் சொன்ன நேரம்வரை காத்திருங்கள்.

கேள்வி: பணச் சேவை டைம்அவுட் ஆனது, ஆர்டரை ரத்து செய்தோம். பார்த்தால் வாடிக்கையாளர் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது. மறுமுயற்சி செய்த வேறு சிலருக்கு இரண்டு முறை போயிருக்கிறது. எப்படிச் சரிசெய்வது?
– ஒரு வாசகி, கோரமங்களா

பதில்: டைம்அவுட் என்றால் தோல்வி என்று உங்கள் நிரல் எடுத்துக்கொள்கிறது. வெற்றி, தோல்வி போகத் ‘தெரியாது’ என்று மூன்றாவது நிலை ஒன்று உண்டு. அதை டேட்டாபேஸில் ஒரு நிலையாகவே எழுதி வையுங்கள். அந்த நிலையில் இருக்கும் ஆர்டரை ரத்தும் செய்யாதீர்கள், அனுப்பவும் செய்யாதீர்கள். வாடிக்கையாளரிடம் ‘பணம் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

இரண்டு முறை பணம் போவதைத் தடுப்பது ஐடெம்பொட்டன்சி கீ, அதாவது மறுபடி வருவது அதே கோரிக்கைதான் என்று பணச் சேவைக்குக் காட்டும் எண். அழைப்புக்கு முன்பே தனி எண் ஒன்றை உருவாக்கி, டேட்டாபேஸில் எழுதி முடித்த பிறகே அழைக்க வேண்டும். எத்தனை முறை முயன்றாலும் அதே எண். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்: ரீட்ரை சுற்றுக்குள்ளேயே எண்ணை உருவாக்கிவிடுகிறார்கள். அப்போது ஒவ்வொரு முயற்சியும் புதுப் பணமாகவே போகும். வாங்கும் முயற்சி ஒன்றுக்கு ஒரு எண். நெட்வொர்க் முயற்சி ஒன்றுக்கு ஒரு எண் அல்ல. பணச் சேவை அந்த எண்ணை எத்தனை நாள் நினைவில் வைத்திருக்கும் என்பதையும் ஆவணத்தில் பாருங்கள். அது 24 மணி நேரம் என்றால், 25-ஆவது மணியில் ஓடும் உங்கள் மறுமுயற்சி வேலை புதிதாகப் பணம் எடுத்துவிடும்.

பிறகு நிலையைக் கேட்கும் ஏபிஐ (ஒரு நிரல் இன்னொன்றை அழைக்கும் வழி) மூலம் விசாரிக்க வேண்டும். நொடிக்கொரு முறை கேட்காதீர்கள். யுபிஐ பரிவர்த்தனைகளின் நிலையைக் கேட்கும் அழைப்புகளுக்கு 2025 ஆகஸ்ட் முதல் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ வரம்பு விதித்திருக்கிறது. வெப்ஹூக்கை (பணச் சேவை தானாக அனுப்பும் செய்தி) முதலாகவும், நிலை கேட்பதை அதற்குத் துணையாகவும், மறுநாள் காலை கணக்கு ஒப்பிடும் கோப்பைக் கடைசித் தீர்ப்பாகவும் கொள்ளுங்கள். மூன்றும் வேண்டும். வெப்ஹூக் தொலையும், இரண்டு முறை வரும், வரிசை மாறியும் வரும்.

ரத்துப் படிகளையும் சொல்ல வேண்டும். நீண்ட பரிவர்த்தனையைச் சிறு படிகளாக உடைத்து, ஒவ்வொரு படிக்கும் ஈடுசெய்யும் படி ஒன்று வைக்கும் ‘சாகா’ முறையை 1987-இல் ஹெக்டர் கார்சியா மோலினாவும் கென்னத் சேலமும் எழுதினார்கள். அதைக் கையாளும்போது மூன்று விஷயம். திருப்ப முடியாத படியைக் கடைசிக்குத் தள்ளுங்கள்; போன எஸ்எம்எஸ்ஸை யாரும் திரும்ப வாங்க முடியாது. ஈடுசெய்யும் படியும் இரண்டு முறை ஓடினால் கெடுதல் இல்லாததாக இருக்க வேண்டும். மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை: ‘இருப்பை ஒதுக்கு’ என்ற அழைப்பு வழியில் தாமதமாகி, ‘ஒதுக்கியதை விடு’ என்பது முதலில் போய்ச் சேரலாம். அப்போது பின்னால் வரும் ஒதுக்கீடு யாருக்கும் தெரியாமல் நிரந்தரமாக நின்றுவிடும். உங்கள் சொந்தச் சேவை என்றால், ரத்து முதலில் வந்தால் அந்த எண்ணைக் குறித்து வைத்து, பின்னால் வரும் ஒதுக்கீட்டை மறுக்க வேண்டும். வெளிச் சேவை என்றால் ஒதுக்கீட்டுக்கு ஒரு காலாவதி நேரம், 15 நிமிடம் என்பது போல, கேட்டு வாங்குங்கள்.

ரத்தான ஆர்டருக்குப் பிறகு பணம் வெற்றி என்று செய்தி வந்தால் ஆர்டரை உயிர்ப்பிக்காதீர்கள். மருந்து அதற்குள் வேறொருவருக்குப் போயிருக்கும். பணத்தைத் தானாகத் திருப்பி அனுப்புவதே சரி.

கேள்வி: எங்களுக்குத் தகவல் தரும் நிறுவனம் நள்ளிரவில் ஏபிஐயில் ஏதோ சேர்த்தது, எங்கள் சர்வீஸ் விழுந்தது. ‘சேர்க்கத்தானே செய்தோம், எதையும் எடுக்கவில்லையே’ என்கிறார்கள். யார் மேல் தவறு?
– ஒரு வாசகர், மாரத்தஹள்ளி

பதில்: என்ன சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. புதிய புலம் (பதிலில் வரும் ஒரு தகவல்) ஒன்றைச் சேர்த்து நீங்கள் விழுந்திருந்தால் தவறு உங்கள் பக்கம். ஜாவாவில் வரும் தரவைப் படிக்கும் ஜாக்சன் 2 லைப்ரரி, தெரியாத புலம் வந்தால் பிழை எறிவதை முன்னிருப்பாக (நாம் மாற்றாதவரை இருக்கும் அமைப்பாக) வைத்திருக்கிறது. ஜாவா சேவைகளைக் கட்ட உதவும் ஸ்பிரிங் பூட் தான் உருவாக்கித் தரும் மேப்பரில் (தரவை வடிவம் மாற்றும் பகுதி) இதை அணைத்துவிடும். யாராவது கையால் புது மேப்பர் ஒன்றை உருவாக்கியிருந்தால் பழைய கண்டிப்பு திரும்பிவிடும். நிரலில் அப்படி உருவாக்கிய இடங்களைத் தேடிப் பாருங்கள்.

நிலைப் பட்டியலில் புதிய மதிப்பு ஒன்றைச் சேர்த்திருந்தால் தவறு அவர்களுடையது, அதைத் தாங்காதது உங்களுடையது. ‘அனுப்பப்பட்டது, சேர்ந்தது, ரத்து’ என்ற மூன்றோடு ‘பகுதி சேர்ந்தது’ என்று நான்காவது வந்தால், கோடு ஜெனரேட்டர் எழுதிய நிரல்களில் பல அங்கேயே நின்றுவிடும். எல்லாப் பட்டியலிலும் ‘அறியாதது’ என்று ஒரு மதிப்பு வைத்து, அது வந்தால் என்ன செய்வது என்பதை வணிகப் பிரிவோடு பேசி முடிவு செய்யுங்கள். ‘சேர்ந்தது’ என்று ஊகித்துவிடக் கூடாது.

சேர்ப்பது போலத் தெரியாமல் உடைப்பவையும் உண்டு. எண்ணாக வரும் அடையாளம் 9,007,199,254,740,991-ஐத் தாண்டினால் ஜாவாஸ்கிரிப்ட் கடைசி இலக்கங்களைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும். அடையாளங்களை எழுத்துச் சரமாகவே கேளுங்கள். ஒரு பக்கத்துக்கு 100 பதிவு என்பது 50 ஆவது, பட்டியலின் வரிசை மாறுவது, 404 (‘இல்லை’) வந்த இடத்தில் காலிப் பட்டியலோடு 200 (‘சரி’) வருவது எல்லாம் ஆவணத்தில் ஒரு வரிகூட மாறாமல் நடக்கும். புரோட்டோபஃப் என்ற தரவு வடிவம் என்றால் நீக்கிய புலத்தின் எண்ணை மறுபடி வேறொன்றுக்குக் கொடுக்கவே கூடாது. ‘ரிசர்வ்டு’ என்று பூட்டிவிட வேண்டும்.

தற்காப்பு என்பது ஓர் அடாப்டர் அடுக்கு. அவர்கள் 60 புலம் அனுப்பினாலும் உங்களுக்குத் தேவையான 6-ஐ மட்டும் அந்த ஓர் இடத்தில் உங்கள் சொந்த வடிவத்துக்கு மாற்றுங்கள். உள்ளே வேறெங்கும் அவர்களுடைய பெயர்களோ வடிவமோ தென்படக் கூடாது. அந்த 6 புலத்துக்கு மட்டும் ஒப்பந்தச் சோதனை எழுதி (பாக்ட் போன்ற கருவி உதவும்), இரவுதோறும் அவர்களுடைய சோதனைத் தளத்தில் ஓட்டுங்கள். ஒரு சேவை எப்போது நிறுத்தப்படும் என்பதைச் சொல்ல ‘சன்செட்’ என்ற ஹெட்டரை ஆர்எஃப்சி 8594 என்ற ஆவணம் 2019-இல் வரையறுத்திருக்கிறது. பதிலில் அது வந்தால் தானாக டிக்கெட் திறக்கும்படி ஐந்து வரி நிரல் எழுதி வையுங்கள். மின்னஞ்சல் அறிவிப்பைப் படிக்காமல் விட்டவர்களையும் அது காப்பாற்றும்.

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். சேவைகளைத் தானாகவே தேடி, தானாகவே கோர்ப்பது பற்றிப் புராஜெக்ட் செய்ய ஆசை. யுடிடிஐ, ஓவ்ல்-எஸ் எல்லாம் படித்தேன். தொழிலில் இவை பயன்படுகின்றனவா?
– ஒரு மாணவி, எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: நீங்கள் படித்த வடிவில் இல்லை. உலகத்துச் சேவைகளையெல்லாம் ஒரே பதிவேட்டில் போட்டு, நிரல் தானே தேடி எடுக்கும் என்ற எண்ணத்தில் யுடிடிஐ 2000-இல் தொடங்கியது. ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எஸ்ஏபி மூன்றும் நடத்திய பொதுப் பதிவேடு 2006 ஜனவரியில் மூடப்பட்டது. ஒரு சேவை என்ன உள்ளீடு கேட்கும் என்பதை விவரிக்க முடிந்தது. அதை நம்பலாமா, என்ன விலை, தகராறு வந்தால் யார் பொறுப்பு என்பதை விவரிக்க முடியவில்லை. சேவையின் பொருளையே விவரிக்க வந்த ஓவ்ல்-எஸ் 2004-இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியிடம் கொடுக்கப்பட்டது. ஆய்வுக் கூடங்களைத் தாண்டிப் பரவவில்லை. கோர்ப்பதற்கான மொழியான பிபெல் 2.0, 2007-இல் ஓயாசிஸ் என்ற அமைப்பின் தரமானது. அதன் சிந்தனை இன்றைய ஒர்க்ஃப்ளோ எஞ்சின்களில் (வேலையின் படிகளை வரிசையாக ஓட்டும் மென்பொருள்) தொடர்கிறது.

பிழைத்தது எதுவென்றால், நம்பலாமா என்ற கேள்வி முன்பே தீர்ந்த இடத்தில் தேடுவது. ஒரே நிறுவனத்துக்குள் கன்சல், யுரேகா, குபர்நெட்டிஸ் ஆகிய கருவிகள் செய்வது அதைத்தான். திறந்த வலையில், வாங்குவோரையும் விற்போரையும் இணைக்கும் பெக்கன் நெறிமுறையைப் பாருங்கள். ஆட்டோ அழைக்கும் செயலியான நம்ம யாத்ரி ஓடுவது அதில்தான். 2022 செப்டம்பர் 30 அன்று பெங்களூருவின் 16 அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ஓஎன்டிசி என்ற மின்வணிக வலையும் அதன்மேல் கட்டியதே. அதில் பதிவேட்டில் சேர்ந்தவர்கள் மட்டுமே பங்கேற்கலாம், செய்தி ஒவ்வொன்றிலும் கையொப்பம் உண்டு. ‘சர்ச்’ என்று கேட்டால் ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற ஒப்புகை மட்டும் உடனே வரும். விடைகள் பிறகு ஒவ்வொரு விற்பனைத் தரப்பிலிருந்தும் ‘ஆன் சர்ச்’ என்ற தனித்தனி அழைப்பாக வந்து சேரும். எத்தனை பேர் பதில் தருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. எத்தனை நொடி காத்திருந்து பட்டியலை மூடுவது என்பதைக் கேட்பவரே முடிவு செய்ய வேண்டும். உங்கள் புராஜெக்டுக்கு இது வளமான இடம்.

விலை, வேகம், நம்பகம் எல்லாம் பார்த்துச் சிறந்த சேர்க்கையைத் தேடுவது என்பி-ஹார்டு (அளவு கூடினால் தீர்க்க மிகக் கடினமான வகை) என்று பாடத்தில் வரும். உண்மைதான்: 10 பணிக்குத் தலா 20 சேவை என்றால் சேர்க்கைகள் 10 லட்சம் கோடியைத் தாண்டும். ஆனால் நடைமுறையில் 5 பணி, தலா 3 சேவை, வெறும் 243. எல்லாவற்றையும் கணக்கிட்டே பார்த்துவிடலாம். கடினமானது அந்த எண்கள் உண்மையா என்பதுதான். எனவே அல்காரிதத்தைவிட அளவீட்டில் நேரம் செலவிடுங்கள். மூன்று போலிச் சேவைகளை எழுதி, டாக்ஸிபிராக்ஸி கருவியால் அவற்றுக்குத் தாமதமும் இணைப்பு அறுப்பும் ஊட்டி, உங்கள் தெரிவு முறை எத்தனை நொடியில் அதை உணர்ந்து மாறுகிறது, எத்தனை முறை தேவையில்லாமல் மாறுகிறது என்று அளந்தால் தேர்வாளர் மதிக்கும் வேலை அது.

கேள்வி: சேவைகளை ஏஐ ஏஜென்ட்டே தேர்ந்தெடுத்து அழைக்கட்டும் என்று மேலாளர் சொல்கிறார். விடலாமா?
– ஒரு வாசகர், ஹெப்பால்

பதில்: படிக்க மட்டும் செய்யும் அழைப்புகளுக்கு விடலாம். பணம், ரத்து, முகவரி மாற்றம் போன்றவற்றுக்கு ஏஜென்ட் கோரிக்கை மட்டும் வைக்கட்டும். அதைச் சரிபார்த்து, ஐடெம்பொட்டன்சி கீ போட்டு நிறைவேற்றுவது உங்கள் வழக்கமான நிரலாக இருக்கட்டும். கருவிகளின் பட்டியலும் நீங்கள் கொடுத்ததாகவே இருக்க வேண்டும்.

கேள்வி: வரைபடச் சேவைக்கு இரண்டு நிறுவனம், எஸ்எம்எஸ்ஸுக்கு இரண்டு நிறுவனம் வைத்திருக்கிறோம். ஒன்று விழுந்தால் தானாக மற்றதுக்கு மாற அடாப்டரும் சர்க்யூட் பிரேக்கரும் (தோல்வி கூடினால் அழைப்பை நிறுத்தும் அமைப்பு) போட்டாயிற்று. போதுமா?
– ஒரு வாசகி, ஜெயநகர்

பதில்: நிரல் அளவில் ஏறக்குறைய போதும். பொருள் அளவில் பாருங்கள். சில வரைபடச் சேவைகள் அட்சரேகையை முதலில் தரும். ஜியோஜேசன் வடிவத்தில் தீர்க்கரேகை முதலில் வரும். பெங்களூருவின் 12.97, 77.59 இடம் மாறினால் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு அருகே ஆர்க்டிக் கடலில் போய் விழும். இந்தப் பிழை பிழைச் செய்தி தராது, தூரம்தான் தாறுமாறாகும். அடாப்டரில் நகர எல்லைச் சோதனை ஒன்று வையுங்கள். பயண நேரமும் அப்படியே: ஒருவர் போக்குவரத்து நெரிசலைச் சேர்த்துச் சொல்வார், இன்னொருவர் வெறும் சாலைக் கணக்கைச் சொல்வார். சில்க் போர்டு சந்திப்பைக் கடக்கும் வழிக்கு இரண்டும் ஒன்றாகாது.

எஸ்எம்எஸ்ஸில் ஏபிஐ முகவரியை மாற்றினால் மட்டும் போதாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் தலைப்பும் செய்தி மாதிரியும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். செய்தி கடந்துபோகும் நிறுவனங்களின் சங்கிலியும் பதிவாகியிருக்க வேண்டும். இரண்டாவது நிறுவனம் அந்தச் சங்கிலியில் இல்லை என்றால், அவர்களுடைய ஏபிஐ உங்களுக்கு 200 சொல்லும், செய்தியைத் தொலைபேசி நிறுவனம் நிறுத்திவிடும். பிரேக்கர் இதைத் தோல்வியாகவே பார்க்காது. சேர்ந்ததற்கான அறிக்கையை வைத்துத்தான் சேவையின் நலத்தை அளக்க வேண்டும்.

பிரேக்கரின் முன்னிருப்பு எண்களையும் பாருங்கள். ரெசிலியன்ஸ்4ஜே என்ற பிரேக்கர் லைப்ரரி, 100 அழைப்பு சேர்ந்த பிறகே தோல்வி விகிதத்தைக் கணக்கிடும். நிமிடத்துக்கு 2 அழைப்பு போகும் சேவை என்றால் 50 நிமிடம் கழித்துத்தான் அது விழிக்கும். அப்படிப்பட்ட சேவைக்குச் சன்னலை (கணக்கில் எடுக்கும் கடைசி அழைப்புகள்) 10 ஆகவும் குறைந்தபட்சத்தை 5 ஆகவும் வையுங்கள். ‘மெதுவான அழைப்பு’ என்பதற்கு அதில் முன்னிருப்பு 60 நொடி. உங்கள் டைம்அவுட்டே 2 நொடி என்றால் அந்த அமைப்பு ஒருபோதும் பயன்படாது. பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் முகவரி மாறினாலும், தொகுப்பில் திறந்தபடி இருக்கும் இணைப்புகள் பழைய இடத்துக்கே போகும். இணைப்புக்கு 5 நிமிட ஆயுள் வையுங்கள்.

இன்னொன்று: இரண்டு நிறுவனமும் அமேசானின் மும்பை ரீஜியனிலேயே (தரவு மையத் தொகுப்பு) ஓடினால், அங்கே கோளாறு வரும் நாளில் இரண்டும் சேர்ந்தே விழும். மாற்றாளின் சேவை எங்கே ஓடுகிறது என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். மாற்றுச் சேவைக்கு எப்போதும் 5 சதவீத அழைப்பாவது போய்க்கொண்டிருக்கட்டும். ஆறு மாதம் யாரும் தொடாத மாற்று வழியில் சாவி காலாவதியாகியிருக்கும், வரம்பு குறைந்திருக்கும். தேவைப்படும் அன்றுதான் தெரியவரும்.

கேள்வி: ஒர்க்ஃப்ளோ எஞ்சின் வைப்பதா, ஒவ்வொரு சேவையும் நிகழ்வைக் கேட்டுத் தானே நடக்க விடுவதா? ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்களின் நடுவே வரிசையை மாற்றுவது எப்படி?
– ஒரு வாசகர், அல்சூர்

பதில்: நாலு படிக்கு மேல் போய், நடுவில் பணமும் இருந்தால் எஞ்சினே நல்லது. நிகழ்வு வழியில் ‘இந்த ஆர்டர் இப்போது எங்கே நிற்கிறது’ என்ற கேள்விக்கு ஒரே இடத்தில் விடை கிடைக்காது. அறிவிப்பு, புள்ளிவிவரம், தேடல் அட்டவணை போன்ற கிளை வேலைகளுக்கு நிகழ்வுகள் அருமை.

நடுவில் மாற்றுவதில் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபாடு உண்டு. கமுண்டாவில் தொடங்கிய பதிப்பிலேயே ஓர் ஓட்டம் முடியும். நீங்களாக இடம்பெயர்த்தால்தான் புதியதுக்கு வரும். டெம்போரலில் ஒர்க்ஃப்ளோ நிரலே பழைய வரலாற்றை வைத்து மறுபடி ஓட்டப்படுகிறது. ஆகவே ஓடும் நிரலில் ஒரு படியை நடுவில் செருகினால் வரலாறும் நிரலும் ஒத்துப்போகாமல் பிழை வரும். பேட்ச் என்ற வசதியால் பழைய ஓட்டத்துக்குப் பழைய பாதை, புதியதற்குப் புதிய பாதை என்று பிரிக்க வேண்டும். தற்போதைய நேரம், தற்செயல் எண், நேரடி ஏபிஐ அழைப்பு எதுவும் ஒர்க்ஃப்ளோவுக்குள் நேராக வரக் கூடாது. நேரத்துக்கும் தற்செயல் எண்ணுக்கும் எஞ்சின் தரும் வழியையே எடுங்கள். ஏபிஐ அழைப்பு ஆக்டிவிட்டி என்ற தனிப் படிக்குள் போகட்டும். அமேசானின் எஞ்சினான ஸ்டெப் ஃபங்ஷன்ஸின் ஸ்டாண்டர்டு வகையில் ஓர் ஓட்டம் ஓராண்டு வரை நீளலாம், ஆனால் வரலாறு 25,000 நிகழ்வைத் தொட்டால் நின்றுவிடும். நீண்ட சுற்றுகளைத் துணை ஓட்டங்களாகப் பிரித்துவிடுங்கள்.

பதிப்பை மாற்றும் முன் பழைய பதிப்பில் எத்தனை ஓட்டம் மீதி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மருந்து ஆர்டர் போல ஓரிரு மணியில் முடிபவை என்றால் இடம்பெயர்க்கும் வேலையே வேண்டாம். புதியவை புதிய பதிப்பில் தொடங்கட்டும், பழையவை தானே வடிந்து முடியட்டும், எண்ணிக்கை பூஜ்யமான பிறகு பழைய நிரலை நீக்குங்கள். மாதக் கணக்கில் ஓடும் சந்தாக்களுக்கு மட்டும் பேட்ச் எழுதுங்கள்.